கேம்பர் ஏசிக்கு எந்த ஜெனரேட்டர்? பெட்டி மேல இருக்கிற எண்ணை மட்டும் பார்க்காதீங்க

இது எபிசோட்டின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தயக்கங்களும், இரண்டு தடவை சொன்ன விஷயங்களும் நீக்கப்பட்டுள்ளன.

இந்த வாரம் நேரா ஒரு நேயரோட கேள்விக்குள்ள போயிடலாம். டல்லாஸ்ல வேலை பார்க்கிறவர். ஒரு பழைய டிராவல் டிரெய்லர் வாங்கியிருக்கார், அதாவது பிக்கப் வண்டிக்குப் பின்னால இழுத்துட்டுப் போற கேம்பர். ஜூலை மாசம் மதுரையிலிருந்து அப்பா அம்மா வர்றாங்க. அவங்களைக் கூட்டிக்கிட்டு யூட்டா மாநிலத்துல மோவாப் பக்கம் போகணும்னு திட்டம். டிரெய்லர் கூரையில 13,500 பி.டி.யு ஏசி இருக்கு. தங்கப் போற இடத்துல கரண்ட் கிடையாது. "கடைக்காரர் 2,000 வாட் ஜெனரேட்டர் போதும்னு சொல்றார், நண்பர் 4,000-க்குக் கீழ வாங்காதேன்னு சொல்றார். யார் சொல்றது சரி? திருட்டுப் பயம் இருக்கிறதால ஜெனரேட்டரை டிரெய்லரோட பின் பம்பர்லயே கட்டி வச்சு, ராத்திரி முழுக்க ஏசி ஓட்டலாம்னு இருக்கோம்." இதுதான் கேள்வி.

கடைசி வாக்கியத்தைப் படிச்சதும் அவருக்கு உடனே பதில் போட்டுட்டேன். பம்பர்ல வச்சு ஓட்ட வேண்டாம், வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்கன்னு. ஏன்னு பின்னாடி விரிவா சொல்றேன். முதல்ல வாட் கணக்கு.

ஏசி எவ்வளவு கேக்குது?

பி.டி.யு-ன்னா பயப்பட வேண்டாம். நம்ம வீட்டு ஏசியை டன்ல சொல்றோம் இல்லையா, ஒரு டன்னுக்கு 12,000 பி.டி.யு. அப்போ 13,500-ங்கிறது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல. 15,000-னா ஒன்றேகால் டன். அமெரிக்க டிரெய்லர் கூரைகள்ல பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும்.

அமெரிக்காவுல சாதாரண பிளக்ல வர்றது 120 வோல்ட். நம்ம ஊர் 230-ல பாதிதான். வோல்ட் பாதியானா அதே வேலைக்கு ஆம்ப்ஸ் ரெண்டு மடங்கு வேணும். 13,500 ஏசி ஓடிக்கிட்டு இருக்கும்போது ஏறக்குறைய 12, 13 ஆம்ப்ஸ் இழுக்கும். 120-ஆல பெருக்கினா 1,500 வாட் பக்கம் வரும். 15,000 ஏசின்னா நல்ல வெயில்ல 1,800 வாட்டைக் கூடத் தொடும். இதுவரைக்கும் கடைக்காரர் சொன்னது சரி மாதிரிதான் தெரியுது. 2,000-க்குள்ள 1,500 அடங்கிடுது.

சிக்கல் என்னன்னா, அது ஓடிக்கிட்டு இருக்கிற ஏசியோட கணக்கு. நிக்கிற ஏசியைக் கிளப்புறதுக்கு வேற கணக்கு இருக்கு.

அந்த அரை நொடி

வீட்டுல ஃப்ரிட்ஜ் ஆன் ஆகும்போது லைட் ஒரு தடவை மங்கி வரும், கவனிச்சிருக்கீங்களா? அதேதான். மோட்டார் சுத்திக்கிட்டு இருக்கும்போது அதுவே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ள வர்ற மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும். மோட்டார் நின்னுக்கிட்டு இருக்கும்போது அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சுவிட்ச் போட்ட கணத்துல மின்சாரம் வெள்ளம் மாதிரி உள்ள பாயும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். ஆனா அந்த நேரத்துல ஓட்டத்துக்குத் தேவையானதை விட நாலஞ்சு மடங்கு ஆம்ப்ஸ் கேக்கும்.

ஏசியோட லேபிள்ல ரெண்டு எண் இருக்கும். ஆர்.எல்.ஏ-ன்னு ஒண்ணு, அது கம்ப்ரஸர் ஓடும்போது இழுக்கிறது. எல்.ஆர்.ஏ-ன்னு இன்னொண்ணு, அது கம்ப்ரஸர் சுத்தாம இறுகி நிக்கும்போது இழுக்கிறது. கூரை ஏசிகள்ல இந்த ரெண்டாவது எண் 50, 60 ஆம்ப்ஸ்னு இருக்கும். பெரும்பாலானவங்க இந்த லேபிளைப் பார்க்கிறதே இல்லை. அது கூரை மேல, பிளாஸ்டிக் மூடிக்குள்ள இருக்கும். ஏணி போட்டு ஏறித்தான் பார்க்கணும். ஆனா ஜெனரேட்டர் வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய முதல் காகிதம் அதுதான்.

60-ஐ 120-ஆல பெருக்கினா 7,200 வருதே, அவ்வளவு பெரிய ஜெனரேட்டரா வேணும்னு கேட்கலாம். வேணாம். அந்தக் கணத்துல ஜெனரேட்டரோட வோல்ட் கொஞ்சம் சரியும், அதோட ஆம்ப்ஸும் குறையும், மோட்டார் தட்டுத்தடுமாறிச் சுத்த ஆரம்பிச்சிடும். அனுபவத்துல 13,500 ஏசியை எந்த உதவியும் இல்லாம கிளப்புறதுக்கு 3,000 வாட் ரக ஜெனரேட்டர் வேணும். 15,000-க்கு அதுக்கும் மேல, 3,500 பக்கம்.

இதுல பலரை ஏமாத்துற ஒரு விஷயம் இருக்கு. வாங்கின அன்னைக்கு, சாயங்கால நேரத்துல, 2,000 வாட் ஜெனரேட்டரை வச்சே ஏசி கிளம்பிடும். "அவ்வளவுதான், இதுக்குப் போய் இவ்வளவு பேசினாங்களே"ன்னு தோணும். மறுநாள் மதியம் வெயில்ல கிளம்பாது. காரணம், வெளியில சூடு ஏற ஏற கம்ப்ரஸர் தள்ள வேண்டிய அழுத்தம் ஏறுது. அதுவும் ஒரு தடவை ஓடி நின்ன உடனே திரும்பக் கிளப்பினா, உள்ள அழுத்தம் இன்னும் இறங்கியிருக்காது. சரிவுல நிக்கிற வண்டியை மேல் நோக்கித் தள்ளுற மாதிரி ஆயிடும். அதனாலதான் தெர்மோஸ்டாட்டுகள்ல ரெண்டு மூணு நிமிஷ இடைவெளி வச்சிருக்காங்க. ஆக, ஏசி ரொம்பத் தேவைப்படுற நேரத்துலதான் அதைக் கிளப்புறது ரொம்பக் கஷ்டம்.

இதுக்கு ஒரு நல்ல வழி வந்திருக்கு. சாஃப்ட் ஸ்டார்ட்னு ஒரு சின்னப் பெட்டி. ஏசிக்குள்ள கம்ப்ரஸரோட வயர்ல இணைக்கிறது. மின்சாரத்தை ஒரேயடியா விடாம, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி மோட்டாரைச் சுத்த வைக்கும். ஸ்டார்ட்டிங் ஆம்ப்ஸை பாதிக்கும் கீழ கொண்டு வந்துடும். ஏறக்குறைய 300 டாலர் ஆகும். மைக்ரோ ஏர் நிறுவனத்தோட ஈஸிஸ்டார்ட் இதுல பலருக்கும் தெரிஞ்ச பேர். கை வேலை தெரிஞ்சவங்க தாங்களே மாட்டிடறாங்க. ஆனா உள்ள இருக்கிற கப்பாசிட்டர், கரண்டை நிறுத்தின பிறகும் ஷாக் அடிக்கும். அதைப் பாதுகாப்பா வெறுமையாக்கத் தெரியலைன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

நம்ம ஊர்ல இப்போ எல்லாரும் வாங்குற இன்வர்ட்டர் ஏசிக்கு இந்தத் தொந்தரவே இல்லை, அது மெதுவாத்தான் கிளம்பும். டிரெய்லர் கூரைகள்ல இன்னும் பெரும்பாலும் பழைய பாணி ஒரே வேக கம்ப்ரஸர்தான். புதுசா வர்ற சில மாடல்கள் மாறிக்கிட்டு வருது. பழைய டிரெய்லர்ல அதை எதிர்பார்க்க முடியாது.

பெட்டி மேல 2200, உள்ள 1800

இப்போ ஜெனரேட்டர் பக்கம் வருவோம். எல்லாப் பெட்டி மேலயும் ஒரு பெரிய எண் இருக்கும். அது உச்ச வாட், சில நொடிகளுக்கு மட்டும் கொடுக்கக்கூடியது. தொடர்ந்து கொடுக்கிறது அதுக்கும் கீழ. உதாரணத்துக்கு, கேம்பர் ஆட்கள் மத்தியில ரொம்பப் பிரபலமான ஹோண்டா ஈயு2200ஐ. பேர்ல 2200. தொடர்ந்து ஓட்டினா 1,800 வாட். எடை 21 கிலோ பக்கம், ஒரு ஆள் தூக்கிடலாம். டேங்க்ல ஒரு கேலனுக்குக் கொஞ்சம் குறைவா, மூணரை லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். முழு லோடுல 3.2 மணி நேரம் ஓடும்னு ஹோண்டாவே சொல்லுது. கால் லோடுல 8 மணி நேரம். விளம்பரத்துல எதைப் பெருசா போடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஏசி ஓட்டுற உங்களுக்கு முதல் எண்தான் பொருந்தும். அதாவது மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, ஆற விட்டு, பெட்ரோல் ஊத்தணும். சூடா இருக்கிற எஞ்சின்ல பெட்ரோல் சிந்தினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது இன்வர்ட்டர் ஜெனரேட்டர் ரகம். பழைய ரகத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மின்வெட்டுக் காலத்துல நம்ம ஊர்க் கடை வாசல்ல தடதடன்னு ஓடிச்சே, அது பழைய ரகம். அமெரிக்காவுல மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி. அதைக் கொடுக்க அந்த எஞ்சின் நிமிஷத்துக்கு 3,600 சுத்து சுத்தியே ஆகணும், ஒரு பல்பு எரிஞ்சாலும் சரி, ஏசி ஓடினாலும் சரி. இன்வர்ட்டர் ரகத்துல வர்ற மின்சாரத்தை முதல்ல டி.சி-யா மாத்தி, அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் வழியா 60 சுழற்சியா திரும்ப உருவாக்குது. அதனால லோடு குறைவா இருந்தா எஞ்சின் மெதுவா ஓடலாம். சத்தமும் குறையும், பெட்ரோலும் மிச்சம்.

நண்பர் சொன்ன 4,000 வாட், திறந்த சட்டம் போட்ட பழைய ரகமா இருந்தா விலை பாதிதான். ஏசியும் சிரமமில்லாம கிளம்பும். ஆனா அந்தச் சத்தத்தோட ஒரு முகாம்ல நீங்க ஒரு ராத்திரி தங்கிப் பாருங்க. அமெரிக்க தேசியப் பூங்காக்கள்ல சட்டமே இருக்கு: 50 அடி தூரத்துல 60 டெசிபலுக்கு மேல போகக் கூடாது. கம்பெனிகள் பொதுவா 23 அடி தூரத்துல, அதுவும் கால் லோடுல அளந்து எண்ணைப் போடுறாங்க. 23 அடியிலிருந்து 50 அடிக்குப் போனா ஏறக்குறைய 7 டெசிபல் குறையும். பெட்டியில 68 டெசிபல்னு இருந்தா, 50 அடியில 61. கால் லோடுலயே சட்டத்தைத் தாண்டியாச்சு. சினிமா ஷூட்டிங்ல கேரவனுக்குக் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டர் வேனை ஏன் தள்ளி நிறுத்துறாங்கன்னு இப்போ புரியும்.

மோவாப் கணக்கு

கடைக்காரரும் நண்பரும் ரெண்டு பேருமே சொல்லாத ஒண்ணு இருக்கு. உயரம். மோவாப் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் மேல. உயரம் ஏற ஏற காத்து மெலியும். எஞ்சினுக்கு ஆக்ஸிஜன் குறையும். ஹோண்டாவோட கையேட்டுலயே இருக்கு: ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் பலம் ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும். 1,200 மீட்டருக்கு 14 சதவீதம். 1,800 வாட் கொடுத்த ஜெனரேட்டர் அங்க 1,550 பக்கம்தான் கொடுக்கும்.

ஏசிக்கு வேண்டியது 1,500. ஜூலை மதியம் அங்க 38 டிகிரி சகஜம், அப்போ ஏசி இன்னும் கொஞ்சம் கூடுதலாவே இழுக்கும். டிரெய்லருக்குள்ள கன்வர்ட்டர்னு ஒண்ணு இருக்கு, பேட்டரியை சார்ஜ் பண்றது. பேட்டரி இறங்கியிருந்தா அது மட்டுமே சில நூறு வாட் சாப்பிடும். யாராவது காபிக்குப் பால் சுட வைக்க மைக்ரோவேவ் போட்டா, பட்டுன்னு எல்லாம் நின்னுடும். தண்ணி ஹீட்டர் கரண்ட்ல இருந்தா அதுவே 1,400 வாட். ஹீட்டரையும் ஃப்ரிட்ஜையும் கேஸுக்கு மாத்தி வைக்கணும்.

இதுல புரொப்பேன்லயும் ஓடுற இரட்டை எரிபொருள் ஜெனரேட்டர் வாங்கினா, கேஸ்ல ஓட்டும்போது இன்னும் ஒரு 10 சதவீதம் போயிடும். புரொப்பேனுக்கு நல்ல குணங்கள் உண்டு. நாள்பட்டாலும் கெடாது, கார்புரேட்டரை அடைக்காது, டிரெய்லர்ல ஏற்கனவே சிலிண்டர் இருக்கு. ஆனா எல்லையில நிக்கிற ஒரு ஜெனரேட்டரை அது எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிடும்.

அதனால இந்த நேயருக்கு என் தீர்ப்பு: ஒரே ஒரு 2,200 ரகம், மோவாப்புக்குப் போதாது. சாஃப்ட் ஸ்டார்ட் போட்டாலும் போதாது. சாஃப்ட் ஸ்டார்ட் கிளப்பத்தான் உதவும், ஓடும்போது வேண்டிய வாட்டைக் குறைக்காது. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் நிறையப் பேர் காசை விடுறாங்க. டெக்ஸாஸ் கடலோரத்துல, கால்வெஸ்டன் மாதிரி ஒரு இடத்துல, மத்த எல்லாத்தையும் அணைச்சுட்டு ஓட்டுறதுன்னா சாஃப்ட் ஸ்டார்ட்டும் 2,200-ம் சேர்ந்து சமாளிச்சிடும்.

அப்போ என்ன வாங்கலாம்? ரெண்டு வழி. ஒண்ணு, ரெண்டு 2,200 வாங்கி இணை கேபிள் போட்டு ஓட்டுறது. சேர்ந்து தொடர்ந்து 3,600 வாட், மோவாப் உயரத்துல 3,100. ஏசி தாராளமா கிளம்பும். தனித்தனியா 21 கிலோ, தூக்கலாம். ஒண்ணு மக்கர் பண்ணினாலும் இன்னொண்ணை வச்சு பேட்டரியாவது சார்ஜ் பண்ணிக்கலாம். செலவு மட்டும் இடிக்கும், ஒவ்வொண்ணும் ஆயிரம் டாலருக்கு மேல. ரெண்டாவது வழி, 3,000-லிருந்து 4,000 வாட்டுக்குள்ள ஒரே இன்வர்ட்டர் ஜெனரேட்டர், கூட ஒரு சாஃப்ட் ஸ்டார்ட். ஹோண்டாவோட ஈயு3000ஐஎஸ் 60 கிலோ பக்கம் வரும். பிக்கப்ல ஏத்தினா ரெண்டு பேர் இல்லாம இறக்க முடியாது. சமீப வருஷங்கள்ல வேற கம்பெனிகள்ல 40, 50 கிலோவுல இந்த ரகம் நிறைய வந்திருக்கு, விலையும் குறைவு. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ஆனா வருஷத்துக்கு நாலு நாள் வெளிய போறவர் அவ்வளவு காசு போடணுமாங்கிறது நியாயமான கேள்வி.

எதை வாங்கினாலும் கலிபோர்னியாவுல இருக்கிறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். அந்த மாநிலம் இந்தச் சின்ன எஞ்சின்களுக்கான புகை விதிகளை 2024-லிருந்து இறுக்கியிருக்கு. அங்க விக்கிற ஜெனரேட்டர் அந்த விதிக்கு உட்பட்டதான்னு லேபிளைப் பாருங்க.

ராத்திரி முழுக்க ஏசியா?

இங்கதான் கேள்வியையே கொஞ்சம் மாத்திக்கணும்னு நினைக்கிறேன். பெரும்பாலான அரசு முகாம்கள்ல ராத்திரி ஜெனரேட்டர் ஓட்டவே விடமாட்டாங்க. யோசெமிட்டியில காலையில 7-லிருந்து 9, மதியம் 12-லிருந்து 2, சாயங்காலம் 5-லிருந்து 7, அவ்வளவுதான். மத்த பூங்காக்கள்ல நேரம் மாறும், ஆனா பழக்கம் இதேதான். முன்பதிவு பண்றதுக்கு முன்னாடி அந்தந்தப் பூங்காவோட பக்கத்துல பார்த்துக்கோங்க.

ஆனா மோவாப் பாலைவனம். டல்லாஸ் மாதிரியோ மதுரை மாதிரியோ ராத்திரியும் புழுங்காது. காத்துல ஈரம் இல்லாததால சூரியன் போனதும் சூடு மளமளன்னு இறங்கும். ஜூலையிலயும் விடியக்காலையில 20 டிகிரிக்குப் பக்கத்துல வந்துடும். சாயங்காலம் அனுமதிச்ச நேரத்துல ஏசியை ஓட்டி உள்ள இருக்கிற சூட்டை எடுத்துடுங்க. இருட்டினதும் ஜன்னலைத் திறந்து, கூரையில இருக்கிற 12 வோல்ட் ஃபேனைப் போட்டா போதும், அது டிரெய்லர் பேட்டரியிலேயே ஓடும். மதியத்துல டிரெய்லரை நிழல்ல நிறுத்தி, முன்பக்கக் கூடாரத் துணியை விரிச்சு, வெயில் அடிக்கிற ஜன்னல்களை மறைச்சாலே ஏசி வேலை கணிசமா குறையும்.

வயசானவங்களுக்கு அது போதாது, ஏசி இல்லாம தூக்கம் வராது, பி.பி மாத்திரை சாப்பிடறவங்கன்னா, மோவாப் ஊருக்குள்ளேயே தனியார் ஆர்.வி பூங்காக்கள் இருக்கு. 30 ஆம்ப்ஸ் கரண்ட் பாயின்ட்டோட இடம் கிடைக்கும். ரெண்டு ஜெனரேட்டரோட விலைக்கு அங்க எத்தனை ராத்திரி தங்கலாம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. பெத்தவங்களோட போற பயணத்துக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். ஜெனரேட்டரை நீங்க ரெண்டு பேரும் தனியா போகும்போது வச்சுக்கலாம்.

பேட்டரி பெட்டி வாங்கினா என்னன்னு இந்த நிகழ்ச்சிக்கு அடிக்கடி கேள்வி வரும். 2 கிலோவாட் மணி கொள்ளளவு இருக்கிற பவர் ஸ்டேஷன், 1,500 வாட் ஏசியை விடாம ஓட்டினா ஒன்றேகால் மணி நேரம் தாங்கும். அதைத் திரும்ப நிரப்ப 400 வாட் சோலார் பேனலுக்கு அஞ்சு மணி நேரம் நல்ல வெயில் வேணும். நாள் முழுக்க வெயிலைப் பிடிச்சா ஒன்றேகால் மணி நேர ஏசி. சத்தமில்லை, புகையில்லை, அது பெரிய விஷயம்தான். ஆனா இந்த வேலைக்கு இன்னும் போதலை.

பம்பர் ஏன் கூடாது

பெட்ரோல் எஞ்சின் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோட இது ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். உடம்பு மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும், ஆனா ஆக்ஸிஜன் போய்ச் சேராது. முதல் அறிகுறி தலைவலி, தலைச்சுத்தல், குமட்டல். மதுரையிலிருந்து வந்து, நாள் முழுக்க வெயில்ல சுத்தின அறுபது வயசுக்காரருக்குத் தலை வலிச்சா என்ன நினைப்பார்? வெயில், களைப்பு, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்னு நினைப்பார். படுக்கிற இடம்தான் அந்த ஜெனரேட்டருக்குப் பக்கத்துல இருக்கு. தூங்கிட்டா அறிகுறியே தெரியாது.

அமெரிக்காவோட நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்ற கணக்குல, கையடக்க ஜெனரேட்டர் புகையால வருஷத்துக்கு ஏறக்குறைய 100 பேர் அந்த நாட்டுல சாகறாங்க. ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடுற அளவு மோனாக்சைடை விடும்னும் அவங்களே சொல்றாங்க. கார்ல அதைச் சுத்திகரிக்கிற கருவி இருக்கு, பெரும்பாலான ஜெனரேட்டர்ல கிடையாது. அதனால அவங்க சொல்ற தூரம் 20 அடி, அதாவது 6 மீட்டர். புகைக்குழாய் உங்க டிரெய்லருக்கு எதிர்த் திசையில, பக்கத்து டிரெய்லருக்கும் எதிர்த் திசையில இருக்கணும்.

"ஏசி ஓடும்போது ஜன்னல் எல்லாம் மூடித்தானே இருக்கும்"னு கேட்பீங்க. கூரை ஏசி உள்ள இருக்கிற காத்தைத்தான் சுத்தி விடுது, உண்மைதான். ஆனா டிரெய்லர் ஒண்ணும் காத்துப் புகாத பெட்டி இல்லை. அடுப்பு மேல புகை போக்கி, தரையில குழாய் போற ஓட்டைகள், பக்கவாட்டுல வெளிய தள்ளுற அறையோட ரப்பர் ஓரங்கள், எல்லாமே வழிதான். சாயங்காலம் ஒரு பக்கம் அடிச்ச காத்து ராத்திரி திசை மாறும்.

இப்போ வர்ற புது ஜெனரேட்டர்கள்ல மோனாக்சைடு சேர்ந்தா தானா நிக்கிற சென்சார் இருக்கு. வாங்கும்போது அது இருக்கிறதையே வாங்குங்க. ஆனா அந்த சென்சார் இருக்கிறது ஜெனரேட்டர் உடம்புல. புகை அங்க தேங்காம காத்துல நேரா உங்க ஜன்னலுக்குப் போனா அதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தேவை டிரெய்லருக்குள்ள, படுக்கைக்குப் பக்கத்துல ஒரு அலாரம். பழைய டிரெய்லர்னா உள்ள ஒண்ணு ஏற்கனவே மாட்டியிருக்கும். அதைக் கழட்டிப் பின்னாடி இருக்கிற தேதியைப் பாருங்க. அந்த சென்சாருக்கு ஆயுள் உண்டு, பல மாடல்கள்ல அஞ்சு ஏழு வருஷம்தான். பச்சை விளக்கு எரியுதுன்னு நம்பி இருக்கக் கூடாது. தலைவலி ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு வந்தா, காரணம் தேடாம முதல்ல எல்லாரும் வெளிய வாங்க, அப்புறம் 911.

திருட்டுப் பயத்துக்கு இரும்புக் கயிறும் பூட்டும் போதும். 6 மீட்டர் தள்ளி ஒரு மரத்துலயோ, உங்க பிக்கப்போட கொக்கியிலயோ கட்டுங்க.

வயர், பிளக், அப்புறம் ஒரு புரியாத எர்ரர்

தள்ளி வச்சா நீளமான வயர் வேணும். வீட்டுல இருக்கிற மெல்லிசு எக்ஸ்டென்ஷன் வயர் வேலைக்காகாது, சூடாகும், வோல்ட் இறங்கும், கம்ப்ரஸர் திணறும். டிரெய்லர்களுக்குன்னே விக்கிற 30 ஆம்ப்ஸ் வயர், 10 கேஜ் தடிமன்ல, வாங்கிக்கோங்க. டிரெய்லர் பிளக் மூணு முள்ளோட தடியா இருக்கும், சின்ன ஜெனரேட்டர்ல சாதாரண ஓட்டைதான் இருக்கும். நடுவுல ஒரு அடாப்டர் போடணும்.

இன்னொண்ணு. டிரெய்லருக்குப் பாதுகாப்புக் கருவி மாட்டியிருந்தீங்கன்னா, ஜெனரேட்டர்ல சொருகினதும் எர்த் இல்லைன்னு எர்ரர் காட்டி கரண்ட்டை உள்ளயே விடாது. ஜெனரேட்டர் கெட்டுப் போச்சுன்னு திருப்பிக் கொடுத்தவங்க உண்டு. கெடலை. சின்ன இன்வர்ட்டர் ஜெனரேட்டர்கள் பெரும்பாலானதுல நியூட்ரலும் எர்த்தும் உள்ள இணைக்கப்பட்டிருக்காது. அதை இணைக்கிற ஒரு பிளக் தனியா கிடைக்கும். ஜெனரேட்டரோட காலியா இருக்கிற ஓட்டையில சொருகினா சரியாயிடும். அதை ஜெனரேட்டருக்கு மட்டும்தான் பயன்படுத்தணும், முகாம்ல இருக்கிற கரண்ட் பாயின்ட்ல கூடாது.

கிளப்புற வரிசை முக்கியம். ஜெனரேட்டரை வெறுமையா ரெண்டு மூணு நிமிஷம் ஓட விடுங்க. ஈகோ பட்டனை அணைச்சு வைங்க. ஈகோவுல எஞ்சின் மெதுவா ஓடுற நேரத்துல ஏசி கிளம்பினா அது வேகம் பிடிக்கிறதுக்குள்ள லோடு தாங்காம நின்னுடும். அப்புறம் டிரெய்லரைச் சொருகி, முதல்ல ஃபேன் மட்டும், கொஞ்ச நேரம் கழிச்சு கூலிங்.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, டல்லாஸ்லயே, வீட்டு வாசல்ல வச்சு மதியம் மூணு மணிக்கு ஓட்டிப் பாருங்க. ஒரு தடவை கிளம்பினா போதாது. தெர்மோஸ்டாட் தானா நிறுத்தித் தானா திரும்பக் கிளப்புற வரைக்கும், மூணு நாலு தடவை பாருங்க. டல்லாஸ்லயே திணறினா மோவாப்ல நிச்சயம் முடியாது. அதுக்கு முன்னாடி ஆயில் ஊத்தினீங்களான்னு பாருங்க, பெரும்பாலும் புது ஜெனரேட்டர் ஆயில் இல்லாமதான் வரும். முதல் ஆயில் மாத்துறது 20 மணி நேரத்துலயே வந்துடும், பயணத்துக்கு ஒரு பாட்டில் கூட எடுத்துக்கோங்க.